பதினான்காம் எண் வீட்டில் குடியிருப்பவர்

16, ரெயின்ட்ரீ ரோடு
ஃபிஜி
12 பிப்ரவரி 1988

மதிப்பிற்குரிய சம்பந்தி அப்பலசாமி அவர்களுக்கு,

பக்கத்து வீட்டுப் பொன்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அங்கம்மாவும் இங்கே சுகம். நீங்களும் மாப்பிள்ளை சுரேந்திராவும் ஆக்லாந்தில் காலூன்றிவிட்டதாக எங்கள் மோகினி எழுதியிருந்தாள். ஆகஸ்டில் உங்களுக்குப் பேரன் அல்லது பேத்தி என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அங்கம்மா அடுப்பில் இருந்த பருப்பைக் கருக்கிவிட்டாள். சம்பந்தியம்மா இருந்து பார்க்க வேண்டிய காலம். அவர்கள் இல்லாததால் பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். விசாவுக்குப் படிவம் வாங்கியாகிவிட்டது.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் வீட்டைத் திறந்து, முன்னறையில் சம்பந்தியம்மா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டு வருகிறேன். பூட்டிய வீடு வெள்ளிக்கிழமை இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது எனக்கும் சம்மதமான பேச்சுதான்.

ஒரு சின்ன விஷயம். சொல்லலாமா கூடாதா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். பெண் கொடுத்த இடத்தில் குறை சொல்வது எங்கள் வழக்கமில்லை. உங்கள் பின்கட்டில் புல் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. அது போகட்டும். உங்கள் கால்வாய் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது போலும். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டுக்குப் போகாமல் வேலியைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வந்துவிடுகிறது. இந்த வருஷம் மழையும் கொஞ்சம் அதிகம். என்ன செய்யலாம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் அன்பை நாடும்,
பொன்சாமி


ஆக்லாந்து
1 மார்ச் 1988

சம்பந்தி பொன்சாமி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். நான் கோழி வெட்டிப் பெட்டியில் அடைக்கும் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருக்கிறேன். இருபத்தேழு வருஷம் ரோடு ஓவர்சியராக இருந்தவன். இங்கே எனக்கு மேஸ்திரி, என் மகன் வயசுக்காரன். இருக்கட்டும்.

கால்வாய் விஷயம். அது அடைக்காது. அந்தக் கால்வாயை 1971-ல் நானே நின்று கட்டினேன். அறுபது அடிக்கு ஒரு அடி சரிவு. சிமெண்டில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கவுன்சில் போட்ட கால்வாயெல்லாம் இரண்டு புயலில் போயின, என்னுடையது நின்றது. நீங்கள் சொல்வது இலை தழையாக இருக்கும். நீளமான மூங்கில் ஒன்றை எடுத்து, நுனியில் சாக்கைக் கட்டி, மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். கீழிருந்து மேலாகத் தள்ளக் கூடாது.

யாராவது கேட்டால் நான் லீவில் போயிருக்கிறேன் என்றே சொல்லுங்கள். போய்விட்டான் என்று சொல்ல வேண்டாம். விளக்கை நிறுத்த வேண்டாம்.

மோகினி நன்றாகச் சமைக்கிறாள். வாந்தி கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பலசாமி


16, ரெயின்ட்ரீ ரோடு
28 மார்ச் 1988

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடியே மூங்கிலும் சாக்கும் கொண்டு, மேலிருந்து கீழாகத்தான், தள்ளினேன். மூங்கில் பாதி வழியில் நின்றது. சாக்கு உள்ளேயே தங்கிவிட்டது. ஆக, முன்பு ஒரு அடைப்பு, இப்போது இரண்டு.

அன்று சாயங்காலமே மழை. சமையலறையில் முழங்கால் தண்ணீர். அங்கம்மா வழுக்கி விழுந்து கை பிசகிக்கொண்டாள். தண்ணீரில் மிதந்து வந்ததெல்லாம் என்னவென்று எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏங்க, அவங்க வூட்டுத் தண்ணி நம்ம அடுப்புல வந்து நிக்குது. இன்னும் என்னா மருவாதி பாக்குறீங்க? அந்தக் கவுன்சில் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லத்தான் போனேன். கால்வாயைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புங்கள் என்று கேட்டேன். அப்படியெல்லாம் அனுப்ப முடியாதாம். யாராவது புகார் கொடுத்தால்தான் ஃபைல் திறக்குமாம். ஃபைல் திறந்தால்தான் ஆள் வருமாம். புகார் என்றால் யார் மேல் என்று பெயர் வேண்டுமாம். "மழை மேல் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரவீந்திரா நல்ல மனிதர். அவர் ஹிந்தியில் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துத் தருகிறேன்: "சாச்சா, பெயர் எழுதினால் ஒன்றும் ஆகாது. இது வெறும் காகிதம்."

அதனால் தங்கள் பெயரை எழுத வேண்டியதாகிவிட்டது. எழுதுவதற்கு முன் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்த வெறும் காகிதம் போன புதன்கிழமை நோட்டீஸாக மாறித் தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இருபத்தொரு நாளைக்குள் தாங்கள் புல்லை வெட்டிக் கால்வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக் கதவில் ஒட்டினால் யார் படிப்பார் என்று ரவீந்திராவிடம் கேட்டேன். "நாங்கள் ஒட்டுவதோடு சரி, படிப்பது அவர்கள் வேலை" என்றார்.

மற்றவர்கள் சொல்லித் தாங்கள் கேட்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்.

பொன்சாமி


ஆக்லாந்து
15 ஏப்ரல் 1988

பொன்சாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதே செய்திதான்.

என் வீட்டுக் கதவில் நோட்டீஸ். ஊர் முழுக்க எத்தனை ரோட்டுக்கு, எத்தனை கால்வாய்க்கு நான் அளவு எடுத்தவன். அந்தக் கவுன்சில் என்ஜினீயர் சரிவு கணக்குத் தெரியாமல் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவான். இப்போது நான் புல் வெட்டாத ஆள். அதையும் எழுதிக் கொடுத்தது யார், பெண் கொடுத்த வீட்டுக்காரர். பட்டாளத்துக்காரன் நாட்டைப் பிடித்து என் வேலையைப் பிடுங்கினான், அவனுக்கு என்னைத் தெரியாது, விடுங்கள். உங்களுக்கு என்னைத் தெரியும்.

புல்லை வெட்டக் கரும்புக் கத்தி ஒன்றும் ஒரு நாளும் போதுமே. அதைச் செய்திருக்கலாமே.

மோகினியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாக வெளியில் ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகிறாள். சுரேந்திரா என்னிடம் பேசுவதில்லை. உங்கள் ஒரு வார்த்தை இங்கே வந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பலசாமி


16, ரெயின்ட்ரீ ரோடு
9 மே 1988

சம்பந்தி அவர்களுக்கு,

கோபம் நியாயம்தான். பெண்ணைக் கொடுத்தவன் குனிந்து நிற்க வேண்டும் என்று தெரிந்தே நிற்கிறேன். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி சமைத்ததைச் சாப்பிடாமல் ரொட்டி வாங்கித் தின்றது உங்களுக்கு அழகில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கத்தியும் ஒரு நாளும் போதும் என்கிறீர்கள். வார நாளில் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கரும்பு வெட்டுக்கு இன்னும் நாள் இருந்தும் ஆட்களெல்லாம் எங்கே போனார்களோ தெரியவில்லை. எனக்கு இடுப்பு வளையாது. ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், வந்தார். பத்துக் கொத்து வெட்டியிருப்பார், போலீஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று இப்போது சட்டம் இருப்பதை நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனோம். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

இனி எழுதப் போவது வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. நிதானமாகப் படியுங்கள்.

இருபத்தொரு நாள் முடிந்ததும் கவுன்சிலிலிருந்து பார்வையிட வந்தார்கள். வந்த நாள் வெள்ளிக்கிழமை. வந்த நேரம் சாயங்காலம் ஆறு. நான் அப்போதுதான் விளக்கு ஏற்றிவிட்டு, கையில் உங்கள் வீட்டுச் சாவியோடு, உங்கள் முன்கதவிலிருந்து வெளியே வருகிறேன். ரவீந்திரா அன்று வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, உள்ளே விளக்கு எரிகிறது, பெருக்கியிருக்கிறது, பூ வைத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். "இது சாமி விளக்கு, நான் பக்கத்து வீடு" என்றேன். "சாவி உங்களிடம்தானே இருக்கிறது?" என்றார். ஆமாம் என்றேன். என்னிடம் கேட்ட கேள்விக்கு உண்மையைத்தானே சொல்ல முடியும்.

இப்போது கவுன்சில் ஃபைலில் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. குடியிருப்பவர் பெயர் பொன்சாமி. புகார் கொடுத்தவர் பெயரும் பொன்சாமி. புல்லை வெட்டாமல் கால்வாயை அடைத்துப் பொன்சாமிக்குத் தொல்லை கொடுத்ததற்காகப் பொன்சாமிக்குக் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. ஜூலை எட்டாம் தேதி. முப்பத்தொரு வருஷம் அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். திருடனுக்கும் குடிகாரனுக்கும் வாயாக இருந்திருக்கிறேன். கூண்டுக்குள் ஏறினதில்லை.

இதைப் பேசித் தீர்க்கலாம் என்று ரவீந்திராவைத் தேடிப் போனேன். அவர் நாற்காலி காலி. போன திங்கட்கிழமை குடும்பத்தோடு கனடா போய்விட்டாராம். மேஜை மேல் அவருடைய டீ கோப்பை அப்படியே இருந்தது. ஃபைலைப் பற்றித் தெரிந்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் பிரிஸ்பேன், இன்னொருவர் எங்கே என்று கவுன்சிலுக்கே தெரியாது. ஆள் இல்லாத வீட்டைப் பற்றி ஆள் இல்லாத ஆபீஸில் போய்ப் புகார் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதிதாக இலைதியா என்று ஃபிஜியர் ஒருவர் வந்திருக்கிறார். பொறுமையானவர். அவர்தான் வழி சொன்னார். வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், வீடு காலி என்று பதிவாகிவிடும். சம்மன் ரத்து. கவுன்சிலே ஆள் விட்டுச் சுத்தம் செய்துவிடும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இது எதற்கு அவசரம் என்றால், விசா படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி, உங்கள் மீது வழக்கு உண்டா என்பது. நான் என்ன எழுத? பிரசவத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. அந்த வீட்டில் பெண்பிள்ளை யாரும் இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பொன்சாமி


ஆக்லாந்து
26 மே 1988

சம்பந்தி அவர்களுக்கு,

ரொட்டி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மோகினி சமைத்ததைத்தான் இப்போது சாப்பிடுகிறேன்.

படிவத்தைப் பார்த்தேன். ஆறு கேள்வி வரை எழுதிவிட்டேன். ஏழாவதில் நின்றுவிட்டேன். 'உரிமையாளர் மீண்டும் இவ்வீட்டில் குடியேறும் எண்ணம் உண்டா? உண்டு, இல்லை, ஒன்றை அடிக்கவும்.' இது என்ன கேள்வி. கால்வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

நான் 'உண்டு' என்று எழுதி அனுப்பட்டுமா? அதுதான் உண்மை. போன வருஷம் மே மாதம் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நின்றவன், "வீட்டுக்குப் போங்க சார், அப்புறம் கூப்பிடறோம்" என்றான். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவான் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் நானாக என் கையால் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு வீடு நிற்கும் நிலத்தின் லீஸைப் புதுப்பிக்கப் போகும்போது அதையே எடுத்து நீட்ட மாட்டார்களா? நீதானே வரமாட்டேன் என்று எழுதினாய் என்று கேட்க மாட்டார்களா?

அந்த வீட்டின் ஒவ்வொரு தூணையும் நான் தூக்கு நூல் பிடித்து நிறுத்தினேன். அவள் கடைசியாகப் படுத்த அறை அது. கேட்டுப் பாருங்கள், 'உண்டு' என்றால் ஆகாதா என்று. அது சாமி விளக்கு என்பதை இன்னொரு முறை விளக்கிச் சொல்லுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே.

அப்பலசாமி


16, ரெயின்ட்ரீ ரோடு
10 ஜூன் 1988

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டேன். நான்கு முறை கேட்டேன். இங்கிலீஷில் கேட்டேன், ஹிந்தியில் கேட்டேன், எனக்குத் தெரிந்த ஃபிஜியனிலும் கேட்டேன். 'உண்டு' என்று எழுதினால் நீங்கள் தற்காலிகமாகப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படியானால் சாவி வைத்திருப்பவன்தான் பொறுப்பு. அதாவது நான். 'இல்லை' என்று எழுதினால் வீடு கைவிடப்பட்டது, பொறுப்பு கவுன்சிலுடையது. இலைதியாவுக்கே இதைச் சொல்ல வருத்தமாக இருந்தது. "எங்கம்மாவும் விளக்கு வெப்பாங்க, சர்ச்சுல. ஆனா இந்தப் படிவத்துல விளக்குக்குன்னு ஒரு கட்டம் இல்லியே" என்கிற அர்த்தத்தில் சொன்னார்.

இனி சம்பந்தி என்று பார்க்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு கட்டத்தில் கோடு போடுவதற்கு மூன்று வாரம் யோசிக்கிறீர்கள். இங்கே என் மனைவி இன்னும் தேறாத கையோடு அடுப்பைச் செங்கல் மேல் தூக்கி வைத்துச் சமைக்கிறாள். கொசு கடித்து எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். எதிர் வீட்டில் டெங்கு. அதற்கும் நீங்கள் அனுப்பும் பதில், அறுபது அடிக்கு ஒரு அடி சரிவு. ஐயா, ஆனைக்கும் அடி சறுக்கும். உங்கள் கால்வாய் அடைத்துக்கொண்டது. அதை ஒத்துக்கொண்டால் உங்கள் பென்ஷன் குறையாது.

நீங்கள் திரும்பி வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் கவுன்சிலைத் திட்டுவது இல்லாமல் எனக்கும் பொழுது போகவில்லை. ஆனால் நீங்கள் என்றைக்கோ வருவதற்காக, இப்போது பிள்ளை பெறப் போகிற என் பெண் தாய் முகம் பார்க்காமல் கிடக்க வேண்டுமா? பிரசவ வலி வரும்போது யார் கையைப் பிடிப்பாள்? நீங்கள் பிடிப்பீர்களா? கோழி ஃபேக்டரிக்கு லீவு போடுவீர்களா?

ஜூலை எட்டு. கடிதம் வந்து சேர பத்து நாள் ஆகும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஓவர்சியர்தானே.

பொன்சாமி


ஆக்லாந்து
22 ஜூன் 1988

சம்பந்தி அவர்களுக்கு,

படிவம் இத்துடன். ஏழாம் கேள்விக்கு 'உண்டு' என்பதை அடித்துவிட்டேன். 'இல்லை' நிற்கிறது. கையெழுத்துக்கு சுரேந்திரா சாட்சி.

மோகினிக்குக் கால் வீங்கியிருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

அப்பலசாமி


16, ரெயின்ட்ரீ ரோடு
11 ஜூலை 1988

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் அப்படித்தான் சொல்லச் சொல்வோம்.

உங்கள் படிவம் நாலாம் தேதி திங்கட்கிழமை கைக்கு வந்தது. உடனே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவுன்சிலுக்குக் கிளம்பினேன். வாசலில் இலைதியா இரண்டு ஆட்களோடும் மண்வெட்டியோடும் நிற்கிறார். படிவம் வரட்டும் என்று காத்திருந்தால் ரோடு முழுக்க டெங்கு வந்துவிடும், கோர்ட் தீர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கால்வாயைப் பார்த்துவிடலாம் என்று தானாகவே வந்துவிட்டார். நாலு மாதம் காகிதத்தில் நகராத வேலையை அந்த மனிதர் அரை நாளில் முடித்தார்.

உங்கள் பக்கம் தோண்டினார்கள். கால்வாய் சுத்தமாக இருந்தது. என் சாக்கு மட்டும் கிடைத்தது. வேலி வரை தோண்டினார்கள், ஒன்றுமில்லை. கால்வாய்த் தண்ணீர் ரோட்டுக்குப் போகும் குழாய் வேலிக்கு அடியில் என் பக்கம் திரும்பும் இடத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது. வேர். என் தொடை கனத்துக்கு ஒரு வேர், குழாயைப் பிளந்துகொண்டு உள்ளே போய், முடி முடியாகக் கிளைத்து, மொத்தத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. என்னுடைய ஈரப்பலா மரத்தின் வேர். நான் நட்டது, என் மனையில் நிற்பது.

அங்கம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் கால்வாய்க்கு ஒன்றுமில்லை, சம்பந்தி. சரிவும் சரியாகத்தான் இருக்கிறது என்று இலைதியாவே சொன்னார். ஆனைக்கு அடி சறுக்கவில்லை. நான் எழுதியதை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை. என் மரத்துக்காக உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் மரத்துக்காக உங்கள் மருமகளை அழவைத்தேன். என் மரத்துக்காக உங்கள் கையால் 'இல்லை' என்று எழுத வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோர்ட். படிவம் பையில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் வழக்கு அந்த நிமிஷமே முடிந்திருக்கும். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். நான் நின்று பேசிய இடம் அங்கிருந்து நாலு எட்டு. மாஜிஸ்திரேட் புது ஆள், என்னைத் தெரியாது. "பதினான்காம் எண் வீட்டில் குடியிருப்பது நீர்தானா?" என்று கேட்டார்.

அந்தத் தாளை நான் கொடுத்தால், நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்பது சர்க்கார் காகிதமாகிவிடும். லீஸைப் பற்றி நீங்கள் பயந்தது என் காதில் இருந்தது. என் மரத்து வேருக்காக உங்கள் வீட்டை நான் பிடுங்கக் கூடாது என்று தோன்றியது.

"ஆமாம் ஐயா, நான்தான் குடியிருக்கிறேன்" என்றேன்.

அந்தக் கோர்ட்டில் நான் சொன்ன முதல் பொய் அது. சிறிய அபராதமும் எச்சரிக்கையும் கிடைத்தன. புல்லை வெட்டச் சொன்னார்கள், வெட்டியாகிவிட்டது. மரத்தையும் சனிக்கிழமையே அடியோடு வெட்டச் சொல்லிவிட்டேன்.

தண்டனை பதிவானதால் விசா எனக்கு இல்லை. பிறகு பார்க்கலாம் என்று சூவா விசா ஆபீஸில் இன்று காலை போனில் சொன்னார்கள். அங்கம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. இருபத்தி நாலாம் தேதி புறப்படுகிறாள். அவள் சவேனி கடற்கரையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. மாப்பிள்ளையை விமானத்திலிருந்து இறங்கும் இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். நான் கோர்ட்டில் என்ன சொன்னேன் என்று மோகினிக்குத் தெரிய வேண்டாம். இடுப்பு வலி, அதனால் வரவில்லை என்று சொல்லுங்கள்.

படிவத்தைக் கிழிக்கவில்லை. உங்களுடையது, உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

பொன்சாமி


ஆக்லாந்து
9 ஆகஸ்ட் 1988

அன்புள்ள சம்பந்தி,

பெண் குழந்தை. ஆறாம் தேதி காலை. ஏழு ராத்தல் சொச்சம். மோகினி சுகம். வலி வந்த நேரம் முழுக்க சம்பந்தியம்மா அவள் கையை விடவில்லை. நர்ஸ் இரண்டு முறை வெளியே போகச் சொன்னாள், சம்பந்தியம்மா தமிழிலேயே ஏதோ சொன்னார்கள், நர்ஸ் போய்விட்டாள். நானும் ஃபேக்டரிக்கு லீவு போட்டேன்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து உங்கள் மேல் எனக்கு வந்திருக்கிற எரிச்சலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மரம் உங்களுடையது என்பதற்காக இல்லை. அது முதலிலேயே எனக்குச் சந்தேகம். வேலியோரம் ஈரப்பலா வைக்காதீர்கள் என்று 1982-ல் சொல்ல நினைத்தேன், சம்பந்தம் பேசும் சமயம், வாயை மூடிக்கொண்டேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

என் எரிச்சல் வேறு. உங்களை யார் பொய் சொல்லச் சொன்னது? நான் படிவத்தில் எழுதியது உண்மை.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தபோது கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். உங்களுக்காக, மோகினிக்காக, ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். 'உண்டு' என்பதை அடித்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரேந்திரா பக்கத்தில் நின்றான். "சரிதானா பப்பா?" என்று கேட்டான். சரிதான் என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அவள் போய்விட்டாள். வேலை போய்விட்டது. பிள்ளை இங்கே, இனி பேத்தி இங்கே. அங்கே வந்து நான் எந்த ரோட்டை அளக்கப் போகிறேன்?

மறுநாள் போய் ஒரு குளிர்கோட்டு வாங்கினேன். அதுவரை சுரேந்திராவின் பழைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகிறவனுக்கு எதற்குக் கோட்டு என்று இருந்தேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குக் குளிர் விட்டது.

நான் விட்டுவிட்டதை நீங்கள் கோர்ட்டில் ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அதற்கு விலையாகப் பேத்தி முகத்தை விட்டுவிட்டீர்கள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? இதை எழுதும்போது கண் மறைக்கிறது. எரிச்சலினால்தான்.

இடுப்பு வலி என்று மோகினியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. சம்பந்தியம்மா நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

இத்துடன் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று நீங்கள் திருப்பி அனுப்பிய படிவம். இலைதியாவிடம் கொடுத்துவிடுங்கள், வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும். இன்னொன்று வக்கீலிடம் எழுதி வாங்கியது. வீட்டை மோகினி பெயருக்கு மாற்ற நான் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது. லீஸும் அவள் பெயரில் இருந்தால் என் 'இல்லை' அதைத் தொடாது.

உங்கள் சமையலறைத் தரை ஊறிப்போயிருப்பதாகச் சம்பந்தியம்மா சொன்னார்கள். அதை இனிச் சரி பண்ண முடியாது, அடித்தளமே இறங்கியிருக்கும், எனக்குத் தெரியும். நீங்கள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லிவிட்டீர்கள். ஆகவே சாமான்களை எடுத்துக்கொண்டு பதினான்காம் எண்ணுக்குப் போய்க் குடியிருங்கள். பின்னறை ஜன்னல் கொஞ்சம் இறுக்கம், கீழிருந்து தட்டித் திறக்க வேண்டும்.

உங்களுக்கு விசா கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் நாலு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இரண்டு வாரம். முன்னறையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால்.

அப்பலசாமி